கோணமாமலைத் தரிசனம்

 

குடமுழுக்கு இனிது நிறைவெய்திய இந்நன்னாளில், கடலோரத்து மலைமேல் எழுந்தருளியுள்ள திருக்கோணேச்சரப் பெருமானைப்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்தீர்கள். ஈழவளநாட்டிலே தேவாரப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரம். மற்றொன்று கீழ்க்கரையிலுள்ள திருக்கோணேச்சரம். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தப் பெருமான் இராமேச்சரத்தில் இருந்தவாறே, கடலுக்கு அப்பாலுள்ள இவ்விரு தலங்களையும் நினைந்து பணிந்தார் என்பர் ஆன்றோர். அவர் அருளிய திருக்கோணமலைப் பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது.

இத்தலத்தை வழிபடச் செல்வோர் திருகோணமலை நகரைக் கடந்து முதலில் ஒரு கோட்டை வாயிலையே அடைகின்றனர். அதன் பெயர் பிரட்றிக் கோட்டை. வாயிற்கல்லிலே இணைக்கயல் பொறியும், தமிழ் எழுத்துக்களும் காணப்படும். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி மேயும் பாதையில் மேலேறிச் சென்றால் சுவாமிமலை உச்சியை அடையலாம். அங்கே கோணேசப் பெருமானும் மாதுமையம்மையும் அருள்பாலிக்கின்றனர். அயலிலே இராவணன் வெட்டு என்று வழங்கும் பெரும் பிளவு உண்டு. பாறை செங்குத்தாய்க் கடலில் இறங்க, அடியில் அலைகள் மோதும் ஓசை மேலே நிற்போர் செவியில் இடையறாது ஒலிக்கும்.

கோயிலுக்குச் செல்லும் வழியிலே கோட்டை வந்தது எங்ஙனம்? அதுவே இத்தலத்தின் துயரக்கதை. முன்னாளில் இம்மலைப்பகுதியில் மூன்று கோயில்கள் விளங்கின என்பதைப் போர்த்துக்கீசர் தம் குறிப்புக்களாலேயே அறிகிறோம். 1620களின் முற்பகுதியில், கொன்ஸ்தந்தீன் டி சா என்னும் தளபதியின் காலத்தில் அவை இடிக்கப்பட்டன. கோயிற் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பப்பட்டது. எஞ்சிய தூண்கள் பல கடலில் வீழ்ந்தன. அடியார்கள் காப்பாற்றிய திருவுருவங்கள் தம்பலகாமத்தை அடைந்து, ஆங்கே ஆதி கோணேச்சரம் எழக் காரணமாயின என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர் ஒல்லாந்தரும், 1795 முதல் ஆங்கிலேயரும் அக்கோட்டையை ஆண்டனர்.

அன்பர்களே! ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மலையுச்சியிலே பழைய பெருங்கோயில் இல்லை, கோபுரமில்லை, கொடிமரமில்லை. ஆயினும் வழிபாடு ஓய்ந்ததா? இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து என்பார் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு காட்சியை எழுதிவைத்துள்ளார். பூசகர் பாறையின் விளிம்புக்கு இறங்கி நின்று, மலரும் கனியும் கடலில் இட்டு, தேங்காய் உடைத்து, சுடரைத் தலைக்குமேல் உயர்த்தி வழிபட்டார் என்பதே அச்செய்தி. இடிந்த கோயிலுக்குக் கடலே கருவறையாயிற்று. காற்றில் அசைந்த அச்சுடரே நித்திய பூசையாயிற்று. அந்நிய சமயத்தார் ஒருவரின் ஏட்டிலே இது பதிவாகியிருப்பது நம் முன்னோரின் உறுதிக்கு நற்சான்றன்றோ?

அவ்வுறுதி வீண்போகவில்லை. 1950ஆம் ஆண்டிலே திருகோணமலை நகரசபையார் கிணறு தோண்டுவித்தபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பிகை முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவை ஊர்தோறும் எழுந்தருளி அடியார்க்குக் காட்சிதந்தபின், 1952இல் மலைமேல் அமர்ந்தன. 1956இல் மைக் வில்சன், ஆதர் கிளார்க் ஆகிய இருவரும் கடலுள் மூழ்கிப் பழங்கோயிலின் செதுக்குத் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் மீண்டெழுந்த கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று நாம் தரிசிக்கும் கோயில் அதுவே. பழங்கோயிலின் பரப்போடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் அதனைக் காண்போர் உள்ளத்தில் எழும் உருக்கம் சிறிதன்று.

இனி, திருப்பணியன்பர்களாகிய உங்களிடம் அடியேன் விண்ணப்பிக்க விரும்புவது ஒன்று. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேச்சரத்தைத் திருத்தியபோது, கோயிலை எடுத்ததோடு அமையாமல், திருவமுதுக்கு நெல் விளையும்பொருட்டுக் கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்று அந்நாட்டார் போற்றுவர். கோணேசர் கல்வெட்டு என்னும் நூலோ, மன்னன் புகழோடு நில்லாமல், கோயிற்றொண்டுகளை இன்னின்னார் இயற்றவேண்டும் என வகுத்துரைக்கின்றது. பூவெடுப்போர், விளக்கேற்றுவோர் ஆகிய எளியோர் தொண்டும் அரசன் பணியோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்டது. மலைமேற் கோயிலைப் பகைவர் இடித்தனர். கந்தளாய் நீரோ இன்றும் வயல்களில் பாய்கின்றது.

நம் ஊர்களிலே குடமுழுக்குக்குத் திரளும் பொருள், நாற்பத்தெட்டாம் நாள் மண்டலாபிடேகத்தோடு ஓய்ந்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். வண்ணம் தீட்டிய விமானம் மேலே ஒளிர, மாலையில் கருவறை விளக்குக்கு எண்ணெயின்றிக் குருக்கள் வருந்தும் கோயில்கள் உண்டு. திருமுறை ஓத ஓதுவாரின்றி, ஒலிபெருக்கியே பாடிக்கொண்டிருக்கும் சந்நிதிகளும் உண்டு. அந்நிலை இத்திருக்கோயிலுக்கு வாராதிருத்தல் வேண்டும். கோபுரத்திற்கு ஈந்த கைகள், விளக்கெண்ணெய்க்கும், ஒருவேளைத் திருவமுதுக்கும், ஓதுவார் ஒருவரின் வாழ்வுக்கும் நிலையான முதல் வைத்தல் வேண்டும். பொருளில்லாதார் ஒரு கைப்பூவுடன் நாள்தோறும் வந்து நின்றாற் போதும். பாறைமேல் நின்று கடலில் மலரிட்ட அவ்வடியார்களிடம் அதற்குமேல் என்ன இருந்தது?

வாய்ப்புள்ளோர் ஒருமுறையேனும் கோணமாமலை சென்று பெருமானைத் தரிசித்து வாருங்கள். செல்ல இயலாதார், ஆளுடைய பிள்ளையார் செய்தவாறே, இருந்த இடத்திலிருந்து நெஞ்சாரத் தொழுங்கள். எங்கணும் விளக்குகள் அணையாதிருக்க மாதுமையம்மை உடனாய கோணேசப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.