வாசனைக்காக வாழும் கொடி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பீருக்கு வாசனை தரும் கொடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்ததும் பின்வரிசையில் ஒரே கைதட்டல். முன்வரிசையில் முதல்வர் ஐயா முகத்தில் லேசான கவலை. ஐயா பயப்பட வேண்டாம். நான் பேச வந்தது பானத்தைப் பற்றி அல்ல, செடியைப் பற்றி. தாவரவியல் படித்தவன் வேறு எதைப் பேசுவான்?

செக் குடியரசின் வடமேற்கில் ஜடெட்ஸ் என்று ஒரு சிறிய ஊர். ஜெர்மன் மொழியில் அதற்கு சாட்ஸ் என்று பெயர். 700 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஹாப்ஸ் பயிரிடுகிறார்கள். ஊர்ப் பெயரே ரகத்தின் பெயராகி, உலகம் முழுக்க அதை 'சாட்ஸ் ஹாப்ஸ்' என்கிறார்கள். பக்கத்து மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் மழை குறைவு. ஆண்டுக்குச் சுமார் 450 மில்லிமீட்டர்தான். மண் சிவப்பு.

ஹாப்ஸ் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. வேர் பல ஆண்டு மண்ணில் இருக்கும். வசந்தத்தில் புதுக்கொடி எழுந்து சுமார் 7 மீட்டர் உயரக் கம்பிப் பந்தலில் ஏறும். ஆகஸ்ட் கடைசியில் பெண்கொடியின் பூங்கூம்புகளை அறுவடை செய்வார்கள். அந்தக் கூம்பின் செதிலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு தூள். அதற்கு லூபுலின் என்று பெயர். பீரின் கசப்பும் வாசனையும் அதில்தான் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சாட்ஸ் ஒரு நஷ்டப் பயிர் மாதிரி தெரியும். கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் இதில் சுமார் 3 முதல் 4 சதவீதம்தான். கசப்புக்கென்றே உருவாக்கிய புது ரகங்களில் 15 சதவீதத்தைத் தாண்டும். மகசூலும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1 டன்தான். அப்புறம் ஏன் இதை வைத்திருக்கிறார்கள்? வாசனைக்காகத்தான். ஃபார்னசீன் என்ற எண்ணெய்ப்பொருள் மற்ற பல ரகங்களைவிட இதில் அதிகம். 1842-ல் பில்சன் நகரில் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற பீருக்கு இந்த ஹாப்ஸைத்தான் சேர்த்தார். அதைப் பார்த்து உலகமே பில்ஸ்னர் காய்ச்ச ஆரம்பித்தது.

கசப்பு இறங்க நெடுநேரம் கொதிக்க வேண்டும். வாசனை எண்ணெயோ கொதித்தால் ஆவியாகிவிடும். அதனால் வாசனைக்கான ஹாப்ஸைக் கடைசியில் போடுவார்கள். ரசத்தை இறக்கும்போது அம்மா கொத்தமல்லி கிள்ளிப் போடுவாங்களே, அதே கணக்குதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1927-ல் கரெல் ஓஸ்வால்ட் என்ற விஞ்ஞானி பழைய தோட்டங்களில் நல்ல கொடிகளாகப் பொறுக்கித் தனியே பெருக்கத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தவற்றில் 31, 72, 114 என்ற எண்ணுள்ள கொடிகளின் வழித்தோன்றல்களே பின்னாளில் தோட்டங்களை நிறைத்தன. விதை போட்டு வளர்ப்பதில்லை. வாழைக்குப் பக்கக்கன்று எடுத்து நடுகிற மாதிரி, தாய்க்கொடியிலிருந்தே கன்று எடுக்கிறார்கள். அதனால்தான் வாசனை மாறாமல் வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே வார்ப்பு என்றால், வெயில் அதிகமானால் எல்லாமே சேர்ந்து வாடும்.

அந்த வெயில் வந்துவிட்டது. செக் குடியரசு, ஜெர்மனி, ஸ்லோவேனியா நாடுகளின் வாசனை ஹாப்ஸைப் பற்றி 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. 2050-க்குள் மகசூல் 4 முதல் 18 சதவீதமும், ஆல்ஃபா அமிலம் 20 முதல் 31 சதவீதமும் குறையலாம் என்பது அதன் கணிப்பு. அதே 2023-ல்தான் யுனெஸ்கோ ஜடெட்ஸ் நகரையும் சுற்றியுள்ள ஹாப்ஸ் வயல்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய கிடங்குகளும் உலர்த்தும் கூடங்களும் இனி பத்திரமாக இருக்கும். 2007-லேயே ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தாச்சு. கட்டடத்தையும் பெயரையும் சட்டம் போட்டுக் காப்பாற்றலாம். செடியை அப்படிக் காப்பாற்ற முடியுமா?

அங்குள்ள விவசாயிகளும் ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. சொட்டுநீர் விடுகிறார்கள். சாட்ஸின் வாசனையும் வறட்சி தாங்கும் குணமும் சேர்ந்த புது ரகங்களை ஒட்டுச்சேர்த்து உருவாக்குகிறார்கள். "அது சாட்ஸே இல்லை" என்று சிலர் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் என் கட்சி புது ரகம் உருவாக்குபவர்கள் பக்கம். ஒரு நிபந்தனையோடு: தாய்க்கொடியை விட்டுவிடக்கூடாது. மகசூல் குறைவு என்று அதைத் தூக்கி எறிந்தால், நாளைக்கு அந்த வாசனையை எங்கே போய்த் தேடுவது?

மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் சிலர் ஆய்வுக்கூடத்திலும் வேளாண் துறையிலும் உட்கார்ந்து, எந்த ரகம் வேண்டும், எது வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவீர்கள். டன் கணக்கைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் வராத குணம் ஏதாவது இருக்கிறதா என்று பயிரிடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.