குதிரைக்குக் கட்டிய மனை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வேயில் கணக்கெழுதும் என்னைக் கட்டடக்கலை பற்றிப் பேசப் பணித்தீர்கள். கோயிலையும் கோபுரத்தையும் பற்றிக் கற்றோர் பேசுவர். நான் குதிரை இலாயத்தைப் பற்றிச் சில சொல்கிறேன். பழந்தமிழில் அதற்குப் பந்தி என்றொரு பெயர் உண்டு. இன்று பந்தி என்றதும் இலையும் பாயசமுமே நினைவுக்கு வரும். ஆகையால் சுருக்கமாகவே முடிப்பேன்.

விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலச் செல்வர் தம் நாட்டுப்புற மாளிகையை அடுத்து, நடுவே முற்றம் விட்டு இலாயம் எழுப்பினர். வளைவு வாயில், அதன்மேல் மணிக்கூண்டு. சேணம் வைக்கும் அறையில் தோல் பூஞ்சை பிடியாதிருக்கக் கணப்பு. குளம்பு வழுக்காதபடி வரியிட்ட செங்கல் தளம். நீர் தேங்காதபடி அதற்கு வாட்டம். கெட்ட காற்று வெளியேறக் கூரை உச்சியிலே புழைகள். மாடியில் வைக்கோல், அதனருகே குதிரைக்காரப் பையன்களின் படுக்கை.

ஸ்காட்லாந்தில் மாண்டர்ஸ்டன் மாளிகையின் இலாயம் 1895-இல் எழுந்தது. தடுப்புகள் தேக்கு, கம்பங்களுக்குப் பித்தளை. ஒவ்வொரு குதிரையின் பெயரும் பளிங்கில் பொறிக்கப்பட்டது. அத்தனை பெயரும் 'எம்' எழுத்திலே தொடங்கின! நம் கட்டடங்களில் தகரத்திலே பெயர் இருந்தாலே பெரிது.

பம்பாயிலும் 1874 மே 9 முதல் குதிரைகள் டிராம் இழுத்தன; கொலாபாவில் அவற்றுக்கு இலாயம் இருந்தது. 1907-இல் மின்சார டிராம் வந்தது, குதிரைகள் போயின. 1964 மார்ச் 31-இல் அந்த டிராமும் நின்றது.

கணக்கனாகிய நான் அளவைப் பார்த்தேன். நல்ல இலாயத்தில் ஒரு குதிரை கட்டின்றி உலவும் அறை, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, அதாவது 144 சதுர அடி. 1920-களில் வொர்லியிலும் நைகாமிலும் அரசினர் கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி, கழிப்பிடமோ பொது. தந்தை, தாய், பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மைத்துனன், அனைவருக்கும் அதுவே. காற்றும் வாட்டமும் அறியாதவர்களா கட்டினார்கள்? குதிரை நோயுற்றால் உடையவனுக்குப் பணம் நட்டம். ஆலைத் தொழிலாளி நோயுற்றால் வாயிலில் வேறொருவன் காத்திருந்தான். வேற்றுமை அவ்வளவே என்பது என் எண்ணம்.

அந்தச் சால்களை இப்போது இடித்துக் கட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில், நம் மாதுங்காவிலே நடந்த விழாவில், வொர்லியின் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி வழங்கினர். வீடு ஒவ்வொன்றும் 500 சதுர அடி, கழிப்பறை வீட்டினுள்ளேயே.