ஏக்கர் பிறந்தது ஏர்ச்சாலில்



அளவைகளை ஆட்சியாளர் வகுப்பர்; மக்கள் ஏற்றுக்கொள்வர். இதுவே உலக நடைமுறை எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆங்கிலேயரின் பழைய நில அளவைகளோ இதற்கு மாறான வரலாற்றைச் சொல்கின்றன. அவற்றை ஈன்றவன் எருதுகளின் பின்னே நடந்த உழவன்.

'ஏக்கர்' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயல் என்பதே பொருள். அதன் உடன்பிறப்பாகிய 'ஆக்கர்' என்னும் சொல்லால் செருமானியர் இன்றும் வயலைக் குறிக்கின்றனர். ஓர் ஏரைக் கொண்டு ஒரே நாளில் உழத்தக்க நிலம் என்னும் அளவுப்பொருள் அச்சொல்லுக்குப் பின்னர் அமைந்தது.

அடுத்தது 'பர்லாங்கு'. உழுசாலைக் குறிக்கும் சொல்லும் நீளத்தைக் குறிக்கும் சொல்லும் கூடிப் பிறந்தது அது. சால்நீளம் என்பதே அதன் நேர்ப்பொருள். சாலின் நீளம் எவ்வாறு அளவாயிற்று? இங்கிலாந்தின் களிமண் நிலம் கனத்தது. அதைக் கிழித்துப் புரட்டும் பெருங்கலப்பையில் எட்டு எருதுகள் வரை பூட்டினர். அத்துணை நீண்ட பூட்டை வயற்கோடியில் திருப்புவது பெரும்பாடு. ஆதலின் எருதுகள் இளைப்பாற வேண்டிய இடம் வரை நேரே ஓட்டினர். அந்நீளம் 40 கோல் என நிலைபெற்றது. ஒரு கோல் பதினாறரை அடி. எனவே பர்லாங்கு 660 அடி, அஃதாவது 220 கெசம். அந்நீளமும் நான்கு கோல் அகலமும் உடைய நெடும்பட்டையே ஏக்கர். 4,840 சதுர கெசம் என்று மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அந்த எண் விளங்காப் புதிராய்த் தோன்றும். எருதின் மூச்சும் பகலின் நீளமும் அதனுள் அடங்கியிருப்பதை அறிந்தால் புதிர் அவிழும்.

இனி, ஆண்டளவில் காண்போம். எட்டெருதுப் பூட்டு ஒன்று ஓராண்டில் உழத்தக்க நிலம் ஏறத்தாழ 120 ஏக்கர் எனக் கொள்ளப்பட்டது. அதில் எட்டிலொரு பங்கு, ஓர் எருதுக்கு உரியது. ஏறத்தாழ 15 ஏக்கர். ஒரு குடி வாழ்தற்குப் போதிய நிலத்தை 'ஐடு' என்றனர். மண்ணின் வன்மை மென்மைக்கேற்ப இவ்வளவுகள் இடந்தோறும் வேறுபட்டன. ஒழுங்கற்ற அளவை என்று இதனை எள்ளுதல் பிழை. வெறும் பரப்பை மட்டுமா அது அளந்தது? உழைப்பையும் உயிர்வாழ்வையும் அன்றோ அளந்தது!

உழவனின் அளவை அரசனின் கைக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது? குடியை வாழ்விக்கும் நிலமாகிய ஐடு, வரிக்கணக்கின் அலகாயிற்று. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம், 1084-இல் ஐடு ஒன்றுக்கு ஆறு சில்லிங்கு வரி தண்டினான். 1086-இல் அவன் தொகுப்பித்த 'டூம்சுடே' என்னும் பெருநிலக்கணக்கு இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. ஏர்நிலம் 'கருக்காட்டா' ஆயிற்று. எருதுப்பங்கு 'போவாட்டா' ஆயிற்று. எழுத்தர் வகுத்த இச்சொற்களை இன்று வரலாற்றறிஞரே அறிவர். உழவர் வாயில் வழங்கிய ஏக்கரோ உலகெங்கும் வாழ்கின்றது!

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. மைல் என்பது உரோமரின் அளவு. ஆயிரம் இரட்டையடி நடை, அஃதாவது ஐயாயிரம் உரோம அடி. மைலுக்கு எட்டுப் பர்லாங்கு என்று வழங்கியபோது இரண்டும் பொருந்தவில்லை. சாலைக் குறுக்குவதா, மைலை நீட்டுவதா? சால் குறுகினால் ஏக்கர் மாறும். ஏக்கர் மாறினால் நில ஆவணங்களும் எல்லைகளும் குழம்பும். முதலாம் எலிசபெத்து காலத்தில், 1593-இல் இயற்றிய சட்டம் மைலை 5,280 அடியாக நீட்டியது. உரோமப் பேரரசின் நடை, உழவனின் சாலுக்கு வளைந்து கொடுத்தது!

1620-இல் எட்மண்டு கண்டர் என்னும் கணக்கறிஞர் நூறு கண்ணிகள் கொண்ட அளவுச் சங்கிலியை வெளியிட்டார். அதன் நீளம் 66 அடி. ஏக்கர்ப் பட்டையின் அகலமும் அதுவே. மட்டைப்பந்தாட்டத்தில் இரு முனைக் குச்சிகளுக்கும் இடையே உள்ள 22 கெசமும் அதுவே. ஆடுவோரும் காண்போரும் பழைய உழவனின் வயலகலத்தையே கண்முன் காண்கின்றனர்.

இந்த ஏக்கர் ஆங்கிலேயர் ஆட்சியோடு தமிழகத்துக்கும் வந்தது. அதன் நூற்றிலொரு பங்காகிய சென்டும் உடன் வந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று கணக்கிட்ட வாய்கள் மெல்ல மெல்ல அவற்றை மறந்தன. ஏக்கரைப் பகைக்க வேண்டா. அது நம்மைப் போன்ற ஓர் உழவன் பெற்ற பிள்ளை. ஆயினும், பிறநாட்டு உழவனின் சொல்லை நாள்தோறும் ஆளும் நாவு, தன் பாட்டன் நிலத்தை அளந்த சொல்லை அறியாதிருத்தல் தகுமா?

ஆங்கில உழவன் தன் சொல்லைக் கைவிடவில்லை. ஆதலின் அரசும் சட்டமும் அதன் வழிக்கு வந்தன. வேலியும் மாவும் குழியும் உங்கள் பிள்ளைகளின் செவிகளில் விழட்டும். ஊர்ப் பெரியோரிடம் கேளுங்கள். கேட்டவற்றை எழுதி வையுங்கள். மண்ணை அளந்த சொல் மண்ணோடு மறைந்துவிடலாகாது!