வலி தீர்க்கும் கல்வி

(சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நின்று நோயையும் சாவையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மைப் பொறுத்தவரை அது பேச வேண்டிய பொருளே என்பது என் கருத்து. இந்தக் கரிசல் சீமையின் பழைய ஊர் முறையை எண்ணிப் பாருங்கள். இழவுச் செய்தி சொல்ல வெயிலில் நடந்தவர்கள் யார்? பறை முழக்கியவர்கள் யார்? சுடுகாட்டில் விறகு அடுக்கி விடியும்வரை காத்து நின்றவர்கள் யார்? நம் முன்னோர்களே. ஒருவர் செத்தபின் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் நம் தலையில் சுமத்தப்பட்டன. ஆனால் சாகுமுன் ஒருவர் படும் வேதனையைத் தணிக்கும் கல்வி நமக்கு மறுக்கப்பட்டது. நம்முடைய தாத்தாவும் பாட்டியும் புற்றுநோயில் துடித்தபோது, குனிந்து நம் குடிசைக்குள் வந்து நாடி பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ‘விதி’ என்று சொல்லி நாமும் சகித்துக்கொண்டோம்.

அது விதியன்று, வலியைத் தீர்க்க முடியும் என்பதைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியால் மெய்ப்பித்த ஒரு மருத்துவரைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் அவர்கள். 1947ஆம் ஆண்டு பிறந்த அவர், மயக்க மருந்துத் துறையில் வல்லுநராகிக் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்றை அவரே பல இடங்களில் கூறியிருக்கிறார். புற்றுநோயால் கடும் வலியுற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அவரிடம் அனுப்பினார்கள். ராஜகோபால் நரம்பில் ஊசி போட்டார், வலி நின்றது. “மீண்டும் எப்போது வர வேண்டும்?” என்று நோயாளி கேட்டார். வலி இல்லையென்றால் வர வேண்டியதில்லை என்று மருத்துவர் விடையளித்தார். தம் நோய் தீராதது என்பதை அந்த மனிதர் அப்போதுதான் உணர்ந்தார். அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பின் வலியை நீக்கிய மருத்துவர், அந்த மனிதரின் அச்சத்தையும் தனிமையையும் கேட்கவில்லை. வலி என்பது உடம்பின் வலி மட்டுமன்று என்ற பாடம் அன்று அவருக்குக் கிடைத்தது.

இதே பாடத்தை இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையாரும் கண்டிருந்தார். செவிலியாக இருந்து, சமூகப் பணியாளராகி, பின் படித்து 1957இல் மருத்துவரான பெருமாட்டி அவர். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மத் துயரம் ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்றார். கடிகாரம் பார்த்து முறையாக மார்ஃபின் கொடுத்தால் நோயாளி தெளிவோடு இருக்கலாம் என்று காட்டினார். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். இந்த மருத்துவத்தைத் தமிழில் நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறோம். இது சாவை விரைவுபடுத்துவதுமன்று, வீணாகத் தள்ளிப்போடுவதுமன்று. இருக்கும் நாள்களை வேதனையின்றி வாழ வைப்பது.

1993ஆம் ஆண்டு ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமார் முதலிய தோழர்களும் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உடனே ஒரு பெருந்தடை எதிர்ப்பட்டது. கடும் புற்றுநோய் வலிக்கு இன்றியமையாத மருந்து மார்ஃபின். அது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது. நம் நாடு அதை ஏற்றுமதியும் செய்துவந்தது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்குவதற்குப் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. விளைவித்த நாட்டிலேயே நோயாளி மருந்தின்றிக் கதறினான்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கள்ளச் சந்தைக்குப் போய்விடும், போதைக்கு அடிமையாவார்கள் என்பதே. ராஜகோபால் இதற்கு மேடையில் விடை சொல்லவில்லை. ஆராய்ச்சியால் விடை சொன்னார். கோழிக்கோடு மருத்துவமனையில் இரண்டாண்டு காலம் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதைக் கணக்கெடுத்தார்கள். மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ, வேறு கைக்குப் போனதாகவோ ஒரு நிகழ்ச்சி கூடக் கண்டறியப்படவில்லை. இந்த முடிவு 2001ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். ‘இவர்களை நம்பிக் கொடுக்க முடியுமா?’ என்ற கேள்வி நமக்குப் புதியதா? நிலத்தை, கிணற்றை, பள்ளிக்கூடத்தை, பதவியை நம் கையில் கொடுப்பதற்கு முன்னெல்லாம் கேட்கப்பட்ட கேள்வியன்றோ அது? சாமானியரின் வீட்டை நம்பலாம் என்று ஒரு மருத்துவர் எண்ணிக்கையோடு எழுதி உலகின் முன் வைத்தார். படித்தவன் செய்யக்கூடிய நீதி இதுவே.

அந்தச் சான்று வீண்போகவில்லை. கேரளம் தன் விதிகளை எளிமையாக்கிற்று. 2008இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் இப்பணியைக் கொண்டு சென்றார். அவரும் அவரைப் போன்றோரும் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பயனாக, 2014இல் நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திற்று. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரும் இடம்பெற்ற லான்செட் ஆணையம் 2017இல் தந்த கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் வழங்கப்படும் 298.5 டன் வலி நீக்கும் அபினி வகை மருந்தில், மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேருவது 0.1 டன் மட்டுமே. வலி எல்லோருக்கும் ஒன்று. மருந்து மட்டும் ஒன்றில்லை.

இது பந்தல்குடிக்கு எப்படிப் பொருந்தும்? மானாவாரிக் காட்டிலும், சுண்ணாம்புக் கல் சுரங்கத்திலும், கரிமூட்டத்திலும் உழைப்பவன் ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போகமாட்டான். நோய் முற்றிய பிறகே போவான். பிறகு குடும்பத்தார் ஆட்டை விற்பார்கள், தோட்டை அடகு வைப்பார்கள், வட்டிக்கு வாங்குவார்கள். இறுதியில் நோயாளியும் மிஞ்சமாட்டார், பிள்ளையின் படிப்பும் மிஞ்சாது. அப்பா படுத்தவுடன் வகுப்பில் ஓர் இடம் காலியாகிவிடுவதை என் பணிக்காலம் முழுவதும் கண்டுவருகிறேன்.

ஆகவே இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, கேட்கப் பழகுங்கள். தீராத நோய் என்று சொல்லிவிட்டால், “வலிக்கு என்ன வழி?” என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. அது பிச்சையன்று, நம் உரிமை.

இரண்டாவது, தொண்டர் குழு ஒன்றை அமையுங்கள். கேரளத்தின் மலப்புறம் பகுதியில் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் சிறு பயிற்சி பெற்று, வாரத்திற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தங்கள் ஊர் நோயாளிகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தடுக்கலாம். புற்றுப்புண்ணின் நாற்றத்தால் உற்றாரும் விலகி நிற்பார்கள். மெட்ரோனிடசோல் என்னும் விலை குறைந்த மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அந்த நாற்றம் அடங்கும். செவிலியர் ஒருவரிடம் இம்முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவனின் துயரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? எனவே நோயாளியைத் தொட்டுத் தூக்க முதலில் நீளும் கை நம் இளைஞனுடைய கையாக இருக்கட்டும். எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் போங்கள். முன்பு கட்டளைக்குப் பணிந்து பிணத்தின் பின்னால் போனோம். இனி அறிவோடும் நம் விருப்பத்தோடும் உயிருள்ளவரிடம் போவோம்.

மூன்றாவது, படியுங்கள். செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், மருந்தாளுநர் படிப்பு ஆகியவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. சாண்டர்ஸ் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தொன்பதை எட்டும் தறுவாய். ஆதலால் காலம் கடந்துவிட்டது என்று எந்தப் பெண்பிள்ளையும் சோர வேண்டாம்.

அடுத்த விழாவுக்குள் இந்தப் பகுதியில் ஒரு நோயாளிகூட வலியில் கதறித் தனியே சாகவில்லை என்று இச்சங்கத்தின் அறிக்கையில் ஒரு வரி எழுத முடியுமானால், நாம் பெற்ற கல்விக்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் வேறில்லை. அந்த வரியை எழுதும் பொறுப்பை இளைஞர்களாகிய உங்களிடம் ஒப்படைக்கிறேன்.