அடைக்கலம் தந்தால் போதுமா?

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! இரக்கம் என்பதே தங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே!

"வழிதவறி வந்த உயிருக்கு நாம் செய்ய வேண்டியது அடைக்கலம் தருவதா, உரியவரைத் தேடுவதா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் உருகி உருகிப் பேசினார். "முல்லைக்குத் தேர் கொடுத்தானே பாரி, அது யார் நட்ட கொடி என்று விசாரித்தானா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, பாரி கொடுத்தது அவனுடைய சொந்தத் தேரை. அந்தக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுத் தொட்டியில் அவன் நட்டுக்கொள்ளவில்லையே! (கைதட்டல்)

நான் குடியிருப்பது அம்பத்தூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததே, அப்போது எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் காலை எங்கள் மதில்மேல் ஒரு பூனை. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது என்பார்கள். இது யோசிக்கவே இல்லை, நேராக எங்கள் சமையலறைப் பக்கமே குதித்தது! (சிரிப்பு)

"பாவங்க, இங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் என் மனைவி. பேத்தி பத்து நிமிடத்தில் பெயரே வைத்துவிட்டாள். நான் அதன் கழுத்தைப் பார்த்தேன். அழுக்கேறிய சிவப்பு நாடா, அதிலே ஒரு சின்ன மணி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசியும் முடியாத காரியத்தை, யாரோ ஒருவர் ஆசையாகச் செய்திருக்கிறார். அந்தக் கை இப்போது இதைத் தேடாமலா இருக்கும்?

காணாமல் போன பூனை பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. நாலைந்து தெருவுக்குள்ளேதான் பதுங்கியிருக்கும். அதனால் பால் பூத்திலே சொன்னேன். காய்கறி வண்டிக்காரரிடம் சொன்னேன். இஸ்திரி போடுகிறவரிடமும் சொன்னேன். நிறத்தைச் சொன்னேன், மணியைச் சொன்னேன். வால் நுனி மடங்கியிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லா அடையாளத்தையும் நாமே ஊருக்குச் சொல்லிவிட்டால், உரியவர் யார் என்று எப்படிச் சோதிப்பது?

ஐந்தாம் நாள் இஸ்திரிக்காரர் சேதி கொண்டுவந்தார். பூனைக்குச் சொந்தக்காரர்கள் இருப்பது திருமுல்லைவாயில் பக்கம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. திருமுல்லைவாயில் இருப்பதோ 2019-ல் உருவான ஆவடி மாநகராட்சியில். யாரிடமும் அனுமதி வாங்காமல் மாநகராட்சி எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது பூனை! (சிரிப்பு) ஊர்ப் பெயரிலேயே முல்லை. முல்லை அரும்பைக் காட்டுப்பூனைக் குட்டியின் கூரிய பல்லுக்கு ஒப்பிட்டவர் புறநானூற்றுக் கபிலர். பொருத்தத்தைப் பாருங்கள்!

வந்தவன் ஏழு வயதுப் பையன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் கேட்பதற்கு முன்பே, "தாத்தா, வாலு நுனி மடங்கியிருக்கா?" என்றான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இரவு, மாடிக்கு ஓடும்போது பூனை அவன் கையிலிருந்து துள்ளி ஓடிவிட்டதாம். அன்றிலிருந்து ராத்திரியில் கதவைச் சாத்த விடுவதில்லையாம். "சாத்திட்டா அது எப்படிம்மா உள்ளே வரும்?" என்று கேட்பானாம்.

நடுவர் அவர்களே! என் பேத்தி அழுதாள். "நாமதானே தாத்தா சோறு போட்டோம்?" என்று கேட்டாள். சோறு போட்டது உண்மை. அது ஐந்து நாள் அன்பு. கதவைச் சாத்தாமல் காத்திருந்தானே, அந்த அன்புக்கு முன்னால் நம் அன்பு கொஞ்சம் விலகி நிற்க வேண்டாமா?

எதிரணியினர் 'அடைக்கலம்' என்ற சொல்லை ஆயுதமாக எடுத்தார்கள். அந்த ஆயுதம் எங்களுடையது! சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத்தான் ஒப்படைத்தார். அந்த அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து உயிர்விட்டாள் மாதரி. அடைக்கலம் என்றால் நமக்கே சொந்தமாக்கிக்கொள்வது அல்ல. இன்னொருவருக்காகப் பத்திரமாக வைத்திருப்பது. (கைதட்டல்)

"உரியவரே கிடைக்காவிட்டால்?" என்பீர்கள். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த சரக்குப் பெட்டிக்குள் ஒரு பூனை இருந்தது. கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூடாது என்று விலங்கு நல அமைப்பினர் வாதாடினார்கள். அந்தப் பூனைக்காக எந்தத் தெருவிலே போய் விசாரிப்பது? அப்படிப்பட்ட உயிரை எடுத்து வளருங்கள், கோடிப் புண்ணியம். ஆனால் தேடிப் பார்த்த பிறகு வளருங்கள். தேடாமல் வைத்துக்கொண்டால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்திருக்கும்.

ஆகவே உரியவரைத் தேடுவதே முதற்கடமை என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.