தோல் கழிவுநீரும் நம் கிணற்று நீரும்
(பாலாற்றுப் பகுதி விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் கழிவு நம் கிணறுகளை உவராக்கியும் இருக்கிறது. இந்தக் கெடுதல் எங்கே பிறக்கிறது, எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் எதிரி உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு போடுகிறார்கள். ஊறப்போடும்போது அது நீரில் கரைந்துவிடுகிறது. ஊறப்போடுமுன் தோலை உதறி உப்பைத் தனியே எடுத்தாலே ஒரு பகுதி குறையும்.

இரண்டாவது, மயிர் நீக்கப் போடும் சுண்ணாம்பும் சல்பைடும். இவற்றுக்குப் பதிலாக நொதிகளைப் பயன்படுத்தும் முறையைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது.

மூன்றாவது குரோமியம். பழைய முறையில் இதில் 100க்கு 60, 70 பங்கைத்தான் தோல் பிடிக்கும். மீதி நீரில் போய்விடும். அந்த நீரை மட்டும் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆலைக்கும் இது இலாபமே.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கே கசடு நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. அதற்கு சவ்வு வடிகட்டியும், எஞ்சிய உப்புநீரைச் சுண்டவைக்கும் கருவியும் வேண்டும். ஆகவே உப்பைத் தொடக்கத்திலேயே தடுப்பதுதான் மலிவு.

நாம் செய்ய வேண்டியவை:

1. மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து, பெயர், சர்வே எண் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2.25 டெசிசைமனுக்கு மேலிருந்தால் வெங்காயம், பீன்ஸ் வேண்டாம். பருத்தி ஓரளவு தாங்கும்.

2. ஜிப்சம் களரைத் திருத்தும். நீரிலுள்ள உப்பைப் போக்காது. மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, வடிகால் வைத்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

3. குரோம் கசடை எருவென்று வயலில் கொட்டவிடாதீர்கள்.

4. பரிசோதனைச் சீட்டுகளை ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. உங்கள் நிலத்தின் பாதிப்பைக் காட்ட அந்தச் சீட்டுகள் உதவும்.