கண்மாய் வண்டலும் கனடா ஏரியும்



கனடாவின் ஒன்டாரியோவில் கிராஃபோர்ட் என்று ஒரு சின்ன ஏரி. பரப்பு குறைவு, ஆழம் அதிகம். அடித்தண்ணீர் கலங்குவதில்லை, வருசத்துக்கு ஒரு படிவாகச் சேறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. 1970களில் அந்தச் சேற்றில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்தது. காட்டு ஏரியில் மக்காச்சோளம் எப்படி வந்தது? தொல்லியல்காரர்கள் பக்கத்து நிலத்தைத் தோண்டினார்கள். பழங்குடி மக்களின் ஊரே அங்கே இருந்தது! அதே சேற்றின் மேலடுக்கில் அணுகுண்டுச் சோதனைகள் விட்ட புளூட்டோனியம். மனிதன் பூமியை மாற்றிய காலத்துக்கு 'ஆந்த்ரோபோசீன்' என்று பெயரிட, 2023இல் அறிவியலாளர்கள் அந்த ஏரியைச் சாட்சிக்கு நிறுத்தினார்கள். 2024 மார்ச்சில் சர்வதேசப் புவியியல் சங்கம் ஏற்க மறுத்தது. பெயர் வைப்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு.

நம் மல்லாங்கிணற்றுக் கண்மாயில் அப்படி அடுக்கு நிற்காது. கோடையில் வற்றி வெடிக்கும். வண்டலை வண்டி கட்டி அள்ளிக் கரிசல் காட்டில் போட்டார்கள் நம் முன்னோர். நல்ல வழக்கம்தான். ஆனால் சேற்றில் இருந்திருக்க வேண்டிய கணக்கு, கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சியின் நினைவில் மட்டும் மிஞ்சியது. அந்த நினைவு ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போகிறதே என்றுதான் எனக்குத் தவிப்பு.

ஏட்டுப் படிப்பும் அந்த நினைவும் சேர வேண்டும்; சீமைக் கருவேலத்தையே பாருங்கள். அமெரிக்கக் கண்டத்து மரம்; விறகுக்கென்று வந்து கண்மாய் உள்வாயை அடைத்தது. நீரியல் படித்தவர் வெட்டு என்பார். கரிமூட்டம் போடுகிறவரோ, மழை பொய்த்த வருசங்களில் அடுப்பெரிந்தது அதனால்தான் என்பார். இரண்டும் உண்மை. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கேட்பதுதான் ஆய்வு.

பக்கத்துச் சிவகாசியிலும் இதே கதைதான். வாணத்துக்குப் பச்சை நிறம் தருவது பேரியம். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் அதற்குத் தடை விதித்தது. நாக்பூரில் உள்ள 'நீரி' சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவன வேதியியலாளர்கள் புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு வழி கண்டார்கள். புகையை அளக்கக் கருவி உண்டு. திரி வெட்டுகிற அக்காவின் கூலியையும் நெஞ்சு இருமலையும் அதே ஏட்டில் எழுத, பொருளியல்காரரும் மருத்துவரும் கூட வர வேண்டாமா?

முன்வரிசைப் பெரியவர்களே, நம் கண்மாய் கடைசியாக மறுகால் பாய்ந்தது எந்த வருசம்? சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நோட்டோடு வந்திருக்கிறேன்.